ஏர் ஃபில்டர் வாங்கும் முன் லெவல் டியூப்பைக் கையில் எடுங்கள்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அக்கா மகன் புதுச்சேரியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தான். வீடு முதலியார்பேட்டையில், வேலை சேதராப்பட்டில். கார் 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிக்கியைத் திறந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து பெஞ்சில் வைத்தான். உள்ளே கூம்பு ஃபில்டர் ஒன்று, வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று, நாலு கிளாம்ப்.

"மாமா, இதைப் போட்டுக் குடுங்க. வண்டியில பிக்கப்பே இல்ல."

"போடலாம் மாப்ள. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் எனக்குக் குடு."

கடலூர் செம்மண்டலத்தில் பதினெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இப்படி ஃபில்டரோடு வருகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வயசுப் பிள்ளைகள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி வருவார்கள். அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். இன்ஜின் காற்றை எங்கே இழக்கிறது என்று அளந்து பார்க்காமல் எந்த ஃபில்டரையும் வாங்காதீர்கள். அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப்பும், மீன் தொட்டிக்குப் போடும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் போதும்.

முதலில் இன்ஜின் எவ்வளவு காற்று கேட்கிறது என்று பார்த்துவிடுவோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். அப்படியானால் 1.2 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) நிமிடத்துக்கு 3,600 லிட்டர் வரை இழுக்கலாம். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறையும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்ற பம்ப் இருக்கிறது. காற்றுக்கு அப்படி ஒன்று இல்லை, காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ இல்லாத வண்டியில் வெளியே இருக்கும் வாயுமண்டலம்தான் அதை உள்ளே தள்ளுகிறது. வழியில் ஃபில்டர், குழாய், வளைவு என்று எது தடுத்தாலும், வருகிற காற்று சூடாகி மெலிந்தாலும் சக்தி குறையும். தடையும் சூடும்தான் இரண்டு எதிரிகள். கடையில் இப்படி ஃபில்டரும் குழாயுமாக விற்கிற கிட் எல்லாம் முதல் எதிரியைப் பற்றியே பேசும். நம் ஊரில் பெரிய எதிரி இரண்டாவது.

தடையை அளப்பது இப்படி. நல்ல தெளிவான டியூப் மூன்று மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு மீட்டர் அளவுக்கு யு வடிவத்தில் வளைத்து, ஒரு பலகையில் ஸ்கேலோடு சேர்த்துக் கட்டுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர். அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டால் கோடு பளிச்சென்று தெரியும். டியூப்பின் ஒரு முனை ஃபில்டருக்குப் பிறகு, த்ராட்டில் பாடிக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று வழியைத் திறக்கும் தகடு உள்ள பகுதி) முன்னால் உள்ள ரப்பர் குழாயில் போக வேண்டும். நான் 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, வேலை முடிந்ததும் ரப்பர் குரோமெட் வைத்து அடைத்துவிடுவேன். ஓட்டை போடும்போது குழாயைக் கழற்றி வெளியே எடுத்துப் போடுங்கள், தூள் உள்ளே போகக் கூடாது. இன்னொரு முனை காருக்குள் சும்மா திறந்திருக்கட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை, தயவு செய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். டியூப்பைத் த்ராட்டிலுக்குப் பிறகு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் செருகவே செருகாதீர்கள். ஐடிலில் அங்கே இருக்கும் உறிஞ்சல் தண்ணீரை 6 மீட்டர் உயரத்துக்கு இழுக்கக்கூடியது. டியூப்பில் உள்ள நீலத் தண்ணீர் முழுவதும் நொடியில் இன்ஜினுக்குள் போய்விடும். ஃபில்டர் பக்கம் அப்படி இல்லை, சில பத்து சென்டிமீட்டர்தான் ஏறும்.

அன்றைக்கு அவனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். சிப்காட் தாண்டி, சாலை காலியாக இருந்த இடத்தில் இரண்டாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர். இரண்டாவது கியர் போதும். சட்டத்துக்குள் இருக்கும் வேகத்திலேயே 5,500 ஆர்பிஎம் வந்துவிடும். நீலக் கோடு ஒரு பக்கம் மெல்ல ஏறி, மறுபக்கம் இறங்கியது. 5,500-ல் ஒரு பக்கம் பதினைந்தரை ஏறியிருந்தது, இன்னொரு பக்கம் பதினைந்தரை இறங்கியிருந்தது. இரண்டையும் கூட்ட வேண்டும்: 31 சென்டிமீட்டர்.

இதைச் சதவீதமாக மாற்றுவது சுலபம். வாயுமண்டலத்தின் முழு அழுத்தம் தண்ணீர் அளவில் 10 மீட்டருக்குச் சற்று மேல். ஆக 10 சென்டிமீட்டர் தடை என்றால் ஏறக்குறைய 1 சதவீதக் காற்று போச்சு. இன்ஜின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவுதான் குறையும். அவன் வண்டியில் ஃபில்டர் வழியாக 3 சதவீதம் போய்க்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தால் பேப்பர் ஃபில்டர் செங்கல் நிறத்தில் இருந்தது. மடிப்புகளுக்குள் ஒரு காய்ந்த வேப்பிலை, இரண்டு ஈசல் சிறகு. மாமனார் ஊர் பண்ருட்டிப் பக்கம், வாரா வாரம் அங்கே போய் வருகிறான். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை வேலை நடந்த வருஷங்களில் அந்தப் பக்கம் ஓடிய வண்டிகளில் இதே செந்தூசியைத்தான் பார்த்து வந்திருக்கிறேன்.

சில நூறு ரூபாய்க்கு வரும் சாதாரண புது பேப்பர் ஃபில்டரைப் போட்டு மறுபடி ஓடினோம். 18 சென்டிமீட்டர். என்னிடம் இருந்த, கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே தட்டையாக உட்காரும், எண்ணெய் தடவிய பருத்தித் துணி பேனல் ஃபில்டரைப் போட்டதில் 14. அவன் கொண்டுவந்த கூம்பு கிட்டைத் தற்காலிகமாக மாட்டியதில் 7. ஆக, புது பேப்பரிலிருந்து கூம்புக்கு மாறினால் மிச்சம் 11 சென்டிமீட்டர், அதாவது 1 சதவீதம் சொச்சம். 83 குதிரைத்திறன் வண்டியில் அது ஒரு குதிரைத்திறன்கூட முழுசாக வராது. அதுவும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து 5,500-ல் ஓடும்போது மட்டும்.

அவன் முகம் வாடிப்போனது. "ஆனா மாமா, போட்டதும் வண்டி சீறிச்சே?"

சீறியது உண்மை. கம்பெனி வைக்கும் பெட்டியில் காற்று இழுக்கும் சத்தத்தை அடக்க ரெசனேட்டர் என்று ஒரு வெற்று அறை இருக்கும். கூம்பு போட்டால் அது போய்விடும், சத்தம் நேரே காதுக்கு வரும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக உடம்பு நம்பிவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றும். அதனால்தான் ஸ்கேலை நம்புகிறேன்.

அடுத்தது சூடு. மீன் தொட்டித் தெர்மாமீட்டரின் நீள ஒயரில் உள்ள முனையை ஃபில்டர் பெட்டிக்குள் விட்டு, காட்சிப் பலகையை டாஷ்போர்டில் ஒட்டினேன். காரின் கணினியைப் போனோடு இணைக்கும் ஓபிடி டாங்கிள் வைத்திருப்பவர்கள் போனிலேயே இன்டேக் வெப்பத்தை, அதாவது உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்க்கலாம். ஆனால் சில கார்களில் அந்த சென்சர் மேனிஃபோல்டில் இருக்கும், இன்ஜின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். இந்த ஒயர் சரியாக நமக்கு வேண்டிய இடத்தில் காட்டுகிறது.

வெப்பத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் ஊர் வெயிலில் காற்று 3 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். இப்போது இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடலாம். 10 சென்டிமீட்டர் தண்ணீரும் 3 டிகிரி சூடும் ஒரே எடை. ஃபில்டர் பற்றி யார் எதைச் சொன்னாலும் இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம்.

பழைய பெட்டியை மாட்டிக்கொண்டு கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாகப் போனோம். வெளியே 34 டிகிரி. சாலையில் சீராக 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே பெட்டிக்குள் 51. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வரக்கூடாத எண். கம்பெனிப் பெட்டி வெளிக்காற்றை இழுத்தால் ஓடும்போது ஐந்து, ஆறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்காது. ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். பெட்டியின் வாயில் மாட்டி முன் கிரில் பக்கம் போக வேண்டிய பிளாஸ்டிக் டக்ட் அங்கே இல்லவே இல்லை. முன்பு எப்போதோ பம்பர் வேலை பார்த்த இடத்தில் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். பெட்டி இத்தனை நாளாக ரேடியேட்டர் சூட்டைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பழைய உதிரிபாகக் கடையில் அந்த டக்ட் கிடைத்தது. ஒரு கிளிப், ஒரு போல்ட், பத்து நிமிட வேலை. அதே சாலை, அதே வெயில்: 39 டிகிரி. 12 டிகிரி இறங்கியது, 4 சதவீதக் காற்று திரும்பக் கிடைத்தது. புது பேப்பர் ஃபில்டரையும் சேர்த்தால் 5 சதவீதத்துக்கு மேல். கூம்பு தந்திருக்கக்கூடிய லாபத்தைவிட இது பல மடங்கு. அவன் அரியாங்குப்பம் பாலம் ஏறும்போதே போன் போட்டுவிட்டான்.

கூம்பையும் நியாயமாகச் சோதித்தேன். அந்தக் கிட்டில் ஃபில்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நிற்கும், சூட்டுத் தடுப்புத் தகடு கிடையாது. சாலையில் ஓடும்போது 43 காட்டியது, பரவாயில்லை. இந்திரா காந்தி சதுக்க சிக்னலில் சாயங்கால நெரிசலில் நின்றபோது 61. கம்பெனிப் பெட்டியும் நெரிசலில் சூடாகத்தான் செய்யும், ஆனால் அன்று அதே இடத்தில் 48-ஐத் தாண்டவில்லை. 13 டிகிரி என்றால் 4 சதவீதம் நஷ்டம். தடையில் சம்பாதித்தது 1 சதவீதம். ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு எது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மைலேஜ் கூடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் கூடாது. நிதானமாக ஓட்டும்போது த்ராட்டில் தகடு பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கிறது. வீராணம் ஏரி மதகைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, அதற்கு மேலே வாய்க்காலை அகலமாக வெட்டினால் கூடுதல் தண்ணீர் வருமா? அதே கதைதான். 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்து வெளியிட்டது. கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் வண்டிகளில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை, முழு ஆக்சிலரேட்டரில் இழுவைதான் குறைகிறது என்று கண்டார்கள். பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அதில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கலவையே கெட்டியாகிவிடும்.

சரி, பேனல் ஃபில்டர் மட்டும் மாற்ற விரும்புகிறவர்களுக்கு எது நல்லது? பேப்பர், எண்ணெய் தடவிய பருத்தித் துணி, எண்ணெய் இல்லாத செயற்கை இழை, ஃபோம் என்று நான்கு வகை சந்தையில் உண்டு. கே அண்ட் என், பிஎம்சி மாதிரி வெளிநாட்டுப் பெயர்கள் துணி ஃபில்டருக்குப் பிரபலம். காற்று சுலபமாகப் போக வேண்டும், தூசியும் நிற்க வேண்டும் என்பது எப்போதும் இழுபறிதான். ஃபில்டரைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. வாங்கப்போகும் ஃபில்டருக்கு அந்த முறைப்படி எடுத்த தூசி பிடிக்கும் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். "50 சதவீதம் அதிகக் காற்று" என்று மட்டும் போட்டு, தூசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

என் விருப்பத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கடலூர், நெய்வேலி, பண்ருட்டி என்று தூசியில் ஓடும் வண்டிக்கு நல்ல தரமான பேப்பர் ஃபில்டரே போதும். ஆனால் மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுங்கள். பிஸ்டன் ரிங்கைத் தின்பது கண்ணுக்குத் தெரியும் மணல் இல்லை, முடியின் தடிமனில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத பொடித் தூசி. பேப்பர் அதை நன்றாகப் பிடிக்கிறது. அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி ஊதித் திரும்பப் போடும் பழக்கம் நம் பக்கம் நிறைய. அந்த அழுத்தத்தில் மடிப்பு எங்காவது கீறும், தெரியவே தெரியாது. போன் டார்ச்சை உள்பக்கம் வைத்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அது குப்பைக்குத்தான்.

ஃபில்டரைவிட அதன் ஓரத்து ரப்பர் முக்கியம். நூறு ரூபாய் குறைகிறதென்று வாங்கும் போலி ஃபில்டரில் காகிதம் பார்க்க நன்றாகவே இருக்கும், ரப்பர் ஓரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருக்கும். காற்று சுலபமான வழியைத்தான் தேடும், அந்த இடுக்கு வழியாகத் தூசியோடு போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பழைய வெள்ளை வேட்டித் துணி வைத்திருக்கிறோம். புது ஃபில்டர் போடும்போது ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உள்பக்கம் சுத்தமாகத் துடைத்து, விரல் நுனியில் கிரீஸ் எடுத்து மெல்லிசாகத் தடவிவிடுவோம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே வேட்டித் துணியால் வழித்துப் பார்ப்போம். கிரீஸ் நிறம் மாறாமல் வந்தால் நல்லது. நறநறவென்று மண் தட்டுப்பட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டராக இருந்தாலும் கழற்றிவிடுவேன்.

துணி ஃபில்டர்தான் வேண்டும் என்பவர்கள் அதைக் கழுவக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான கிளீனர் போட்டு ஊறவைத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். நிழலில் தானாகக் காயட்டும், பெட்ரோல், டீசல், கம்ப்ரஸர் எதுவும் வேண்டாம். கடற்கரைப் பக்கம் இருக்கும் வீடுகளில் மழைக்காலத்தில் காய ஒரு நாள் முழுக்க ஆகும், ஈரத்தோடு மாட்டாதீர்கள். அப்புறம் எண்ணெய்: ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே ஒரு கோடு. இருபது நிமிடம் கழித்து வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம்.

எண்ணெயில் கை தாராளமானால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே வந்த ஒரு டீசல் கார் சாட்சி. கழுவி, சொட்டச் சொட்ட எண்ணெய் ஊற்றி மாட்டியிருந்தார்கள். டீசல் கார்களிலும் பல பெட்ரோல் கார்களிலும் ஃபில்டருக்குப் பின்னால் மாஃப் சென்சர் இருக்கும். உள்ளே முடிபோன்ற ஒரு சூடான கம்பி, அதைக் கடக்கும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் கணினி காற்றை எடை போடுகிறது. அந்தக் கம்பியில் எண்ணெய் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, கம்பி போர்வை போர்த்திய மாதிரி ஆகியிருந்தது. காற்று குறைவாக வருகிறது என்று கணினி நம்பி டீசலைக் குறைத்துவிட்டது. இழுவை இல்லை, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. இதற்கென்று விற்கும் மாஃப் கிளீனர் ஸ்ப்ரேயால் கழுவியதும் சரியானது. கம்பியைத் துணியால் தொடக்கூடாது, கார்புரேட்டர் கிளீனரும் அடிக்கக்கூடாது.

இதெல்லாம் படித்த பிறகும் முழு இன்டேக் கிட் வேண்டும் என்றால், தப்பில்லை. டர்போ வண்டியில் ஈசியூ ரீமேப் (இன்ஜின் கணினியின் கணக்கை மாற்றுவது) செய்து காற்றின் தேவையைக் கூட்டியவர்களுக்கு அது உண்மையிலேயே வேண்டியிருக்கலாம். அங்கேயும் முதலில் டியூப்பை வைத்து அளந்து பாருங்கள். டர்போவுக்கு முன்னால் தடை குறைந்தால் அதே பூஸ்ட்டை, அதாவது காற்றழுத்தத்தை, டர்போ கொஞ்சம் சுலபமாக எட்டும். ரீமேப் இல்லாத வண்டியில் கணினி தன் இலக்குக்கு மேல் பூஸ்ட் தராது, அதனால் லாபமும் அதோடு நின்றுவிடும். ஒன்றை மறக்க வேண்டாம். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அந்த வேகத்தில் அதில் மோதும் மணல் துகள் உளி மாதிரி. டர்போ வண்டிக்கு ஃபில்டர் தரத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

கிட் வாங்கும்போது நான் பார்ப்பவை இவை. ஃபில்டர் மூடிய பெட்டிக்குள்ளோ, குறைந்தது மூன்று பக்கம் தகடு மறைத்தோ இருக்க வேண்டும், வெளிக்காற்றுக்குத் தனி வழி வேண்டும். மாஃப் உட்காரும் இடத்தின் உள்விட்டம் பழையதோடு மில்லிமீட்டர் மாறாமல் ஒத்துப்போக வேண்டும், மாறினால் கணினியின் கணக்கே தப்பாகும். இன்ஜின் மூச்சு விடும் பிரீதர் ஹோஸுக்குச் சரியான இணைப்பு வேண்டும். அதைத் துணி வைத்துக் கட்டியும், வெளியே தொங்கவிட்டும் பார்த்திருக்கிறேன், இரண்டும் தப்பு. அலுமினியக் குழாய் பார்க்க அழகு, ஆனால் நெரிசலில் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். தடித்த பிளாஸ்டிக்கும் சிலிக்கானும் எனக்குப் பிடித்தவை. கிளாம்ப் கட்டாயம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தேவனாம்பட்டினம் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் சாதாரண கிளாம்ப் ஒரு வருஷம் தாங்குவதில்லை, உப்புக்காற்று தின்றுவிடும். கிளாம்ப் தளர்ந்தால் ஃபில்டர் இல்லாமலே ஓட்டுகிற மாதிரிதான்.

வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் மாட்டுவதற்கு முன் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவும் கம்பெனி தந்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கழற்றிய பழைய பெட்டியை டக்ட், கிளிப்போடு ஒரு சாக்கில் கட்டிப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாகத் தண்ணீர். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வெளிக்காற்று வேண்டும் என்று சில கிட்களில் ஃபில்டரைப் பம்பருக்குள், சக்கரத்துக்கு முன்னால் தாழ்வாகக் கொண்டுபோய் வைப்பார்கள். மழை இல்லாத ஊரில் அது நல்ல ஏற்பாடு. நாம் இருப்பது 2011-ல் தானே புயல் வந்த கரை, 2015-ல் வெள்ளம் பார்த்த ஊர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையாற்று வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது.

அந்த வாரம் புதுச்சேரி ரெயின்போ நகரிலிருந்து ஒரு கார் டோ வண்டியில் வந்தது. பம்பருக்குள் தாழ்வாக வைத்த கூம்பு ஃபில்டர். வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோடு வரைதான் ஓட்டினாராம், தண்ணீர் முட்டிக்குக் கீழேதான் இருந்ததாம். இன்ஜினைப் பிரித்தபோது மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வில்லாக வளைந்திருந்தது. நேராக நிற்கும் மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் அதை வைத்தபோது அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

எவ்வளவு தண்ணீர் போதும் தெரியுமா? 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு சுமார் 300 மில்லி. கம்ப்ரஷன் விகிதம் 11-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் மேலே வந்ததும் மிச்சம் இருக்கும் இடம் 30 மில்லி. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் ஒன்றிரண்டு தடவை ஊற்றும் அளவு. 1.3 லிட்டர் டீசலில் அது 20 மில்லிகூட இல்லை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் நின்றுவிடும், கிராங்க் நிற்காது, நடுவில் உள்ள ராட் வளையும்.

தண்ணீரில் வண்டி அணைந்துபோனால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், செல்ஃப் அடிக்காதீர்கள். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், ஃபில்டர் பெட்டியைத் திறந்து தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மெக்கானிக் வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசல் என்றால் குளோ பிளக்கைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றும்வரை காத்திருங்கள். அணைந்தபின் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்ததால் ராட் வளைந்த வண்டிகளை நான் பிரித்திருக்கிறேன். அவற்றை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருந்தால் அது அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். அப்புறம் தரையிலிருந்து, காற்று நுழையும் வாயின் கீழ் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். ஓடும்போது வண்டி முன்னால் தண்ணீரை அலையாகத் தள்ளும், எதிரே வரும் பஸ் இன்னொரு அலையை அனுப்பும். அதனால் அளந்த உயரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும் தெருவில் இறங்க வேண்டாம். என் அக்கா மகன் வண்டியில் அது 66 சென்டிமீட்டர். பாதி, 33. அந்த எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதி, டிரைவர் கதவின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.